பட்டணம் பார்க்க வந்த பிள்ளைகள்

லீவு விட்டாச்சா? ஊரிலிருந்து விருந்தாளிகள் வரப் போகிறார்களா? "அத்தை, ஜூ காட்டுவீங்களா? பீச்சுக்கு அழைச்சிட்டுப் போவீங்களா?" என்று போனில் இப்போதே நச்சரிப்பு ஆரம்பமாகியிருக்குமே! அப்படியானால், சகோதரிகளே, சென்னையைச் சுற்றிக் காட்ட நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். உங்களுக்காவது உதவட்டும்.

போன வருஷம் மே மாதம். சீர்காழிக்குப் பக்கத்திலிருந்து என் நாத்தனார் தன் இரண்டு பையன்களோடு வந்திருந்தாள். பெரியவனுக்குப் பத்து வயசு, சின்னவனுக்கு ஐந்து முடிந்து ஆறு. என் பெண்ணுக்கு எட்டு. மூன்றும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும். எனக்கோ ஒரே உற்சாகம். நோட்டை எடுத்து, கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் போடுகிற மாதிரி, நாளைக்கு மூன்று இடம் என்று எழுதிவிட்டேன். "அண்ணி, இதுங்க தாங்குமா?" என்றாள் நாத்தனார். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன்.

முதல் நாள் வண்டலூர். விடிகாலையில் எழுந்து புளியோதரை கிளறி, தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, மாம்பலத்தில் செங்கல்பட்டு வண்டி பிடித்துப் போய் இறங்கினால்... கேட் பூட்டிக் கிடக்கிறது! அன்று செவ்வாய்க்கிழமை. வாராவாரம் செவ்வாய் விடுமுறை என்று ஊருக்கே தெரியும். இத்தனை வருஷம் சென்னையில் குப்பை கொட்டிய எனக்குத் தெரியவில்லை! "புலி எங்கே?" என்று சின்னவன் ஒரு பாட்டம் அழுதான். மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். என்ன ஆச்சரியம் என்றால், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் ரயிலைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசினார்கள்.

ஆகவே முதலில் கிழமையைப் பாருங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதன் பக்கத்திலேயே இருக்கும் பாம்புப் பண்ணை, மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற முதலைப் பண்ணைக்கும், பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் மியூசியத்துக்கும் திங்கள். பண்டிகை நாட்களில் இதுவும் மாறலாம். கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டால் என்னைப் போல மரத்தடியில் உட்கார வேண்டியிருக்காது.

மறுநாள் புதன், எழும்பூர் மியூசியம். 1851-ல் ஆரம்பித்தது. ‘பழைய கல்லும் சிலையும் குழந்தைகளுக்கு என்ன பிடிக்கும்?’ என்று நினைத்தேன். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன! வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்தில் பெரியவன் திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தான். "அத்தை, இங்கே பாருங்க, திருவெண்காடுன்னு போட்டிருக்கு. எங்க ஊருக்குப் பக்கம்!" 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து அர்த்தநாரி. பாதி உடம்பு அப்பன், பாதி அம்மை. சொந்தக்காரரைப் பட்டணத்தில் பார்த்துவிட்ட மாதிரி அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஒரே ஒரு இடம், ஆற அமரப் பார்த்தோம். எல்லாருக்கும் திருப்தி.

அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வியாழன் காலை கிண்டியில் மானும் பாம்பும். உச்சி வெயிலில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். 1988-ல் திறந்த இந்தக் கோளரங்கத்தில் தமிழிலும் காட்சி உண்டு. குளுகுளுவென்று இருட்டில் நட்சத்திரம் பார்க்கலாம். ஆனால் சின்னவன் இருட்டைக் கண்டு பயந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வெளியே வந்தபோது பிள்ளைகள் வாடிய கீரைத்தண்டாகத் தொங்கினார்கள். "அண்ணி, போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் நாத்தனார். நான் கேட்டேனா? "இவ்வளவு தூரம் வந்துட்டு மெரினா பார்க்காமலா?" என்று இழுத்துக்கொண்டு போனேன். லிஸ்டில் இருக்கிறதே!

சாயங்காலக் கூட்டம். நான் பஜ்ஜி வாங்க நின்றேன். நாத்தனார் என் பெண்ணின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்னவன் என் பக்கம் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவள் பக்கம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

அந்தக் கால் மணி நேரத்தை எப்படிச் சொல்வேன்? கண்ணுக்கு எதிரே அலை. என் மனசு போன இடமெல்லாம் கெட்ட இடம். நாத்தனார் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. பிள்ளை பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மணலில் ஓடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஒரு குதிரைக்குப் பின்னாலேயே போயிருக்கிறான் அந்தப் பயல். சுண்டல் விற்கும் அம்மா ஒருத்தி, அழுதுகொண்டு நின்றவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சுண்டலும் கொடுத்திருந்தாள். "உங்கம்மா பேரு இன்னாடான்னா, அம்மாங்குது. எந்த ஊருன்னா, எங்க ஊருங்குது. புள்ளை பையிலே ஒரு சீட்டு எய்தி வெச்சு இட்டாரக் கூடாதாம்மா?" என்று என்னைக் கேட்டாள். படித்த எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றிரவு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னோடதுதாம்மா" என்றேன். "பிள்ளை கிடைச்சுட்டான் அண்ணி, விடுங்க" என்றாள். லிஸ்டைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் அப்பா அம்மா பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு. யார் கை யார் பிடியில் என்று கிளம்பும்போதே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். "காணாமல் போனால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில்லு. போலீஸ்காரரிடமோ கடை வைத்திருக்கும் அம்மாவிடமோ சொல்லு" என்று பழக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் நம் போனில் இருக்கட்டும். மெரினாவில் அலை உள்ளே இழுக்கும். கால் நனைப்பதோடு சரி, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. வெயிலில் தயிர்சாதம் புளித்துவிடும். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப் போங்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில் கட்டாயம் வேண்டும்.

இந்த வருஷமும் வரப் போகிறார்கள். நேற்று போனில் சின்னவனைக் கேட்டேன், என்னடா பார்க்கணும் என்று. "ரயில்!" என்றான். ரயில் மியூசியத்தில் பிள்ளைகள் ஏறிச் சுற்ற ஒரு குட்டி ரயிலே இருக்கிறது. திங்கள் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வைத்துவிட்டேன்.

"சரி, அம்மா பேர் என்ன, சொல்லு பார்ப்போம்" என்றேன். அம்மா பேர், அப்பா பேர், ஊர், பத்து இலக்க நம்பர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். நான் பூரித்துப் போயிருக்கும்போதே கேட்டான்:

"அத்தை, உங்க பேர் என்ன?"