கலைப் பட்டதாரிக்கு ஒரு புதிய வாசல்

உடல் நோயாளியைப் பராமரிப்பதிலிருந்து உள நோயாளியைப் பராமரிப்பது பெரிதும் வேறுபட்டது. மருந்து வழங்குவதோடு, அவர் கூறுவதையும் கூறத் தயங்குவதையும் பொறுமையுடன் செவிமடுப்பதும் இங்கு தாதியின் கடமையாகிறது.

பிரித்தானியாவில் தாதியர் பதிவுக்குரிய நான்கு துறைகளுள் உளநலமும் ஒன்றாகும். வழமையான பாதை மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. எனினும் வேறு துறைகளில் பட்டம் பெற்றோர், இரண்டாண்டு முதுமாணிக் கற்கைநெறியினூடாகவும் பதிவுபெறலாம். இதனைக் குறுக்குவழியெனக் கருதுவது தவறாகும். கற்கையும் களப்பயிற்சியும் சேர்ந்து 4,600 மணித்தியாலங்கள் என்பதே நியமம். முன்னைய கல்வியும் அனுபவமும் மதிப்பிடப்பட்டு, அதில் பாதிவரை மட்டுமே கழிக்கப்பட முடியும்.

அந்நாட்டின் அனுபவம் மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றது. இங்கிலாந்தில் தாதிய மாணவருக்கான உதவித்தொகை 2017இல் இளமாணி மாணவர்களுக்கும், 2018இல் பட்டப்பின் மாணவர்களுக்கும் நிறுத்தப்பட்டது. வயதில் மூத்த விண்ணப்பதாரிகளின் தொகை வீழ்ச்சியுற்றது. 2020 செப்டெம்பர் முதல், தகுதியுடைய மாணவருக்கு ஆண்டுக்கு 5,000 பவுண் மானியமும், உளநலத் துறையினருக்கு மேலதிகமாக 1,000 பவுணும் வழங்க நேர்ந்தது. குடும்பப் பொறுப்புள்ளவர் வெறுங்கையுடன் மீண்டும் மாணவராக முடியாது என்பதே இதன் பொருள்.

நமது நாட்டில் தாதியர் பயிற்சி நீண்டகாலமாக உயர்தர விஞ்ஞானப் பிரிவினருக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. மறுபுறத்தில், கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இறங்குவதும், பின்னர் தாம் கற்றதற்குத் தொடர்பற்ற அலுவலகக் கதிரைகளில் அமர்த்தப்படுவதும் நாம் கண்டு பழகிய காட்சிகளாகும். மூன்று தசாப்த யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வடக்கு, கிழக்கில் விட்டுச் சென்ற உளக்காயங்களோ இன்னும் ஆறவில்லை. காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் மனந்திறந்து பேச முடியுமா?

தமிழில் உளவியலும் சமூகவியலும் கற்ற பட்டதாரிகளுக்கு, தரத்தைத் தளர்த்தாது, பயிற்சிக்காலக் கொடுப்பனவுடன் இத்தகையதொரு பாதையைத் திறப்பது குறித்து சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய வேண்டும். பட்டதாரிகளுக்கு வேலை வழங்குவதற்கான மற்றுமோர் உபாயமாக மட்டும் அது அமைந்துவிடலாகாது. நோயாளியின் நலனே அதன் அளவுகோலாக இருத்தல் வேண்டும் என்பதையும் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.