மூன்று வண்டிகள், பதினைந்து பேர்

பாலைவனத்துக்குக் கூட்டமாக ஜீப் ஓட்டிச் செல்பவர்கள்மீது இலக்கிய வாசகர்களிடம் ஓர் இளக்காரம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். புழுதி கிளப்பும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுகிறோம். அதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், 'வொயிட் ரிம்' என்றொரு மண்பாதை இருக்கிறது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளம். பெரும் பீடபூமி ஒன்றுக்கு ஆயிரம் அடிக்கும் கீழே, வெண்மணற்பாறை விளிம்பை ஒட்டி அது வளைந்து செல்கிறது. அதற்கும் கீழே, இன்னொரு பாதாளத்தில், ஒருபுறம் கொலராடோ ஆறும் மறுபுறம் கிரீன் ஆறும் ஓடுகின்றன. காட்சிக்காக இன்று விரும்பப்படும் இப்பாதை, 1950களில் யுரேனியம் தேடியவர்களுக்காகப் போடப்பட்டது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். 1964இல் பூங்கா அமைந்தபோது பாதை மட்டும் எஞ்சியது. பாலைத்திணைத் தலைவனைப்போலப் பொருள்வயின் சென்றவர்களின் தடத்தில், இன்று பொருளைச் செலவழிக்க வருபவர்கள் செல்கிறார்கள்.

இத்தகைய பயணங்களுக்கு எதிரான வாதத்தைக் கூர்மையாக முன்வைத்தவர் எட்வர்ட் ஆபி. 1950களில் அருகிலிருக்கும் ஆர்ச்சஸில் வனக்காவலராகப் பணியாற்றியவர். 1968இல் வெளிவந்த 'டெசர்ட் சாலிடேர்' நூலில், தேசியப் பூங்காக்களுக்குள் கார்களே வேண்டாம், மக்கள் நடந்தோ குதிரையிலோ மிதிவண்டியிலோ வரட்டும் என்று வாதிட்டார். அதே நூலின் பிற்பகுதியில், அவரும் நண்பர் ஒருவரும் லேண்ட் ரோவரில் ஏறி, 'மேஸ்' எனப்படும் பாறைப் புதிர்வெளிக்குச் செல்கிறார்கள். முரண்பாடு என்று கைகொட்டிச் சிரிப்பது எளிது. எனக்கோ அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்றே தோன்றுகிறது. ஆயத்தமேதும் இன்றி, இருக்கையைவிட்டு எழாமலே ஓரிடத்தைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் ஆபி வெறுத்தார். அப்படியானால் நாம் கேட்கவேண்டிய கேள்வி, வண்டியில் போகலாமா என்பதைவிட, எப்படித் திட்டமிட்டுப் போகிறோம் என்பதாகிறது.

வொயிட் ரிம்மில் இரவு தங்கிச் செல்லும் குழுவுக்கு விதி இதுதான்: அதிகபட்சம் மூன்று வண்டிகள், பதினைந்து பேர். பெயர் குறித்த முகாம்களில் முன்பதிவு வேண்டும். இருபது நண்பர்கள் இருந்தால் ஐந்து பேரை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். திட்டமிடலின் முதல் கசப்பு இது. முதல் நன்மையும் இதுவே. யார் வருவது என்று பேசும்போதுதான் யாரால் இயலும் என்ற பேச்சும் வருகிறது. பீடபூமியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஷேஃபர் பாதையிலும், மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்திலும், குழுவின் வேகத்தைத் தீர்மானிக்கவேண்டியவர் அதில் மிகக் குறைந்த அனுபவம் உள்ள ஓட்டுநர். தேர்ந்தவர் முன்னால் பறந்துவிட்டால் அது குழுவே அன்று.

அடுத்தது தண்ணீர். வழியில் எங்கும் குடிநீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்றால், பதினைந்து பேருக்கு மூன்று நாளில் 180 லிட்டர். ஆறு கண்ணுக்குத் தெரியும்; பெரும்பாலான இடங்களில் கைக்கு எட்டாது. 2024 ஜூலையில் இதே பூங்காவில் நடைபயணம் வந்த இருவர், வழி தவறி, தண்ணீர் தீர்ந்து வெயிலில் இறந்தனர். கைபேசி அலைவரிசையை நம்பமுடியாத இடத்தில் ஸ்டெப்னியும் தண்ணீரும் உடைமைகள் அல்ல, உயிர்கள். மழை பெய்தால் களிமண் வழுக்கும். கிரீன் ஆறு பெருகினால் பாதையின் ஒரு பகுதி மூழ்கும். எந்த இடத்தில், என்ன கண்டால் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிடவேண்டும். அங்கே போய் விவாதித்தால் வீறாப்புதான் வெல்லும்.

இளக்காரத்தில் பாதி நியாயம் என்றேனே, அது மண்ணைப் பற்றியது. பாதைக்கு வெளியே கறுத்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும் மண்மேலோடு உயிருள்ளது. நீலப்பசும் பாக்டீரியாக்களும் பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து மணலைப் பிணைத்து, காற்று அரிக்காமல் காக்கின்றன. ஒரு சக்கரத் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். இதை மிதிப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட இரண்டடி ஒதுங்கியவர்களும், நல்ல புகைப்படத்துக்காக இறங்கி நடந்தவர்களும் அவர்களில் உண்டு. பாறைமேல் மட்டும் ஒதுங்கு, இல்லையேல் பின்னோக்கி ஓட்டு என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தால் போதும்.

இத்தனை விதிகள் சேர்ந்தால் பாலைவனத்தின் சுதந்திரம் எங்கே என்று கேட்கலாம். பல மாதங்களுக்கு முன்பே அனுமதிச்சீட்டு வாங்க வசதியுள்ளவர்களுக்கே அது கிடைக்கும் என்ற குறையையும் மறுக்கமாட்டேன். ஆயினும் எல்லையற்ற அனுமதி எதைத் தரும்? நூறு வண்டிகளின் புழுதியையும், அதற்குள் ஒருவரும் காணாத ஒரு நிலத்தையும்தான். வரவிரும்புவோர் பலராக இருக்கும்போது, முறைவைத்துக் காத்திருப்பதே நேர்மை. காத்திருக்க மனமில்லாதவர் மேலே பீடபூமியின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதில் குறைவொன்றும் இல்லை.