மூணு லட்சமும் ஒரு பென்சிலும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, "அப்பா, நான் அனிமேஷன் படிக்கப் போறேன்" என்று பையன் குண்டைத் தூக்கிப் போட்டான். தங்கமணி என்னை முறைத்தார், ஏதோ நான்தான் தூண்டிவிட்ட மாதிரி. ஊரிலிருந்து மச்சினன் வேறு போனில், "என்ன மாமா, கம்ப்யூட்டரே வரையுற காலத்துல இவன் பொம்மை போடப் போறானா?" என்றான்.

சரி, விசாரிப்போமே என்று இங்கே புனேயில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். ஏசி அறை, காபி எல்லாம் பலமாகத்தான் இருந்தது. நீட்டிய தாளில் ஒரு டஜன் மென்பொருள்களின் பெயர்கள். கீழே மூணு லட்ச ரூபாய். "வரையறது எப்ப சொல்லிக் கொடுப்பீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும் சார்" என்று இந்தியில் பதில் வந்தது.

பதினெட்டு வருஷமாகப் பொட்டி தட்டிச் சாப்பிடுகிறவன் சொல்கிறேன், அதற்காக மட்டும் மூணு லட்சம் கொடுக்காதீர்கள். நான் முதலில் காசு கட்டிப் படித்த மென்பொருளை இன்று யாரும் சீண்டுவதில்லை.

வீட்டுக்கு வந்து பையனிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தேன். அனிமேஷனில் எல்லோருக்கும் முதல் பாடம் துள்ளும் பந்துதான். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். மூலையில் வரைந்து சரசரவென்று புரட்டினான். பந்து துள்ளவில்லை, லிஃப்ட் மாதிரி இறங்கியது! எல்லாப் படத்துக்கும் நடுவில் ஒரே இடைவெளி விட்டிருந்தான். உச்சியில் நெருக்கமாகவும், கீழே வர வரத் தள்ளித் தள்ளியும் வரைய வேண்டும். தரையில் பட்டதும் நசுங்க வேண்டும், அதே அளவுக்கு அகலவும் வேண்டும். இல்லையென்றால் பந்தே சுருங்கிப்போன மாதிரி தெரியும். இது பிடிபட அவனுக்கு நாலு நாள் ஆனது.

எழுதுவதில் இதைவிடத் திண்டாட்டம். ஒரு நிமிஷக் கதை எழுதச் சொன்னால், "ஆச்சி கோபமாக இருக்கிறாள்" என்று ஆரம்பித்தான். கோபத்தை எப்படிடா வரைவே? அம்பாசமுத்திரத்து ஆச்சி கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டேன். "தட்டை நங்குன்னு வைப்பாங்க, நம்மளப் பாக்கவே மாட்டாங்க." அதை எழுது என்றேன். இவனுக்குத் தமிழ் எழுத வராது, ஆச்சிக்கு இந்தி தெரியாது. வசனமே இல்லாமல் எடுக்கலாம் என்று அவனே சொன்னான்.

இது ஒன்றும் நம் ஊருக்குப் புதுசில்லை. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ராம் மோகன் அங்கே தேறியவர். 1974-ல் அதே ஃபிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட 'ஏக் அநேக் அவுர் ஏக்தா' கையால் வரைந்ததுதான். இன்றும் என் ஆபீசில் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அகமதாபாத் என்.ஐ.டி.யில் நாலு வருஷப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வில் கையால் வரையச் சொல்வார்கள், இடமோ கொஞ்சம். எழுதட்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று தங்கமணி கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. மூணு லட்சம் மட்டும் வங்கியில் பத்திரமாக இருக்கிறது :-)

நேற்று ராத்திரி அறுபதாவது படத்தில் நின்றுகொண்டிருந்தான். "'நங்'குங்கிற சத்தத்தை எப்படிப்பா வரையறது?"

தட்டிலிருந்து ரெண்டு பருக்கை துள்ளி விழட்டும்டா என்றேன்.