பசுமை விருது சரி. யார் அந்த ‘உள்ளூர்ச் சமூகம்’?

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். 2022 முதல் தமிழ்நாடு அரசு அந்த நாளையொட்டிச் சுற்றுலா விருதுகளை வழங்கி வருகிறது. சுற்றுலா ஏற்பாட்டாளர், விடுதி, உணவகம், வழிகாட்டி எனப் பல பிரிவுகள் உண்டு. ஒன்றிய அரசு 2023இல் ‘ஸ்வச்சதா கிரீன் லீஃப் ரேட்டிங்’ என்ற பெயரில் விடுதிகளின் மலக்கழிவு, கழிவுநீர், குப்பை மேலாண்மைக்கு இலைக் குறியீடு தரும் முறையைக் கொண்டுவந்தது. இவை போக, பன்னாட்டு அமைப்புகளின் பசுமைச் சான்றிதழ்கள் தனி. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இரண்டு: சுற்றுச்சூழல், உள்ளூர்ச் சமூகம்.

இந்தச் சொற்களுக்கு நான் எதிரி அல்ல. காவிரிக் கரையில் வாழ்கிற எவரும் எதிரியாக இருக்க முடியாது. ஒரு பயண நிறுவனம் நெகிழிப் புட்டியைக் கைவிட்டால், கழிவுநீரை ஆற்றில் விடாமல் இருந்தால், உள்ளூர் விவசாயியிடம் காய்கறி வாங்கினால் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சுற்றுலாத் தொழிலின் உழைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ‘உள்ளூர்ச் சமூகம்’ என்று நீங்கள் சொல்வது எதை? அக்கிரகாரத்தையா, ஊரையா, சேரியையா? மூன்றும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. சுற்றுலா வருமானம் மூன்றுக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேர்வதில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் போற்றுகிறவர்களைக் கடுமையாகச் சாடினார். கிராமத்தைப் பிரிவினையில்லாத ஒரே உடலாகப் பார்ப்பது, அதற்குள் ஒடுக்கப்பட்டுக் கிடப்பவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றைய ‘பொறுப்புள்ள சுற்றுலா’ ஆவணங்கள் பேசும் ‘உள்ளூர்’ என்பது அந்தப் பழைய கிராமப் போற்றுதலின் புதிய பதிப்பு.

மதிலுக்குள் வீடு, மதிலுக்கு வெளியே கூலி

திருவரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர். 2017இல் கோயில் புதுப்பிப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. 2024 ஜனவரியில் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் அலைமோதுகிறது. ஆண்டு முழுவதும் வேனும் பேருந்துமாக வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இவர்கள் கொண்டுவரும் பணம் எந்த வழியாக நடக்கிறது என்று பாருங்கள். டிராவல்ஸ் உரிமையாளர், விடுதி, மெஸ், கடை வாடகை, வழிகாட்டி என்று அது இறங்கி வருகிறது. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் தலைமுறையாக வீடு வைத்திருந்தவருக்கு அந்த வீடே மூலதனம். முன்பகுதி கடையாகிறது, மாடி தங்கும் அறையாகிறது. புதிதாக ஒரு பைசா முதல் போடாமலேயே அவர் ‘உள்ளூர்த் தொழில்முனைவோர்’ ஆகிவிடலாம். அந்த வீதிகளில் குடியிருக்கவே வரலாறு அனுமதிக்காத சாதிகளுக்கு அந்த மூலதனம் கிடையாது. அவர்களுக்கு மிஞ்சுவது கூலி: அறை துடைப்பது, பாத்திரம் கழுவுவது, கழிப்பறை சுத்தம் செய்வது, குப்பை வாருவது.

இருவருமே உள்ளூர்க்காரர்கள்தான். இருவருமே ‘சுற்றுலாவால் பயன்பெறுகிறவர்கள்’ என்று அறிக்கையில் ஒரே எண்ணிக்கைக்குள் வந்துவிடுவார்கள்.

ஒரு கருத்தரங்கில் விடுதி உரிமையாளர் ஒருவர், தம்மிடம் வேலை செய்வோரில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் என்று பெருமையாகச் சொன்னார். வரவேற்பில் யார், சமையலறையில் யார், கழிப்பறையில் யார் என்று கேட்டேன். “அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல தம்பி” என்றார். பார்க்காமலேயே ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சாதி சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது என்றால், அதற்குப் பெயர்தான் சாதியமைப்பு.

தூய்மைக்குப் பரிசு யாருக்கு?

2016 ஸ்வச் சர்வேக்ஷண் கணக்கெடுப்பில் 73 நகரங்களில் திருச்சி மூன்றாம் இடம் பிடித்தது. ஊரே கொண்டாடியது. அந்த இடத்தை வாங்கித் தந்தது விடியற்காலையில் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களின் கைகள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளில் பிறந்தவர்கள் என்பது இதைப் படிக்கும் யாருக்கும் தெரியாததல்ல. பரிசு நகரத்துக்கு வந்தது. நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் கேட்டு அவர்கள் தெருவில் நிற்பது மட்டும் தமிழ்நாட்டு நகரங்களில் ஓயவில்லை.

அம்மா மண்டபம் படித்துறைக்கு வாருங்கள். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் சடங்கு முடித்தவர்கள் பழைய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பூமாலை, மண்சட்டி, நெகிழிப் பை எல்லாம் கூடவே. அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “விட்டுட்டுப் போறவங்க போயிடுறாங்க தம்பி. நனைஞ்ச துணி என்னா கனம் கனக்கும் தெரியுமா? இழுத்து இழுத்துத் தோள்பட்டை போச்சு. அமாவாசைன்னா வீட்டுக்குப் போற நேரமே தெரியாது” என்றார்.

ஆன்மிகப் பயண நிறுவனங்கள் பயணிகளை இந்தப் படித்துறையில் இறக்கிவிடுகின்றன. துணியை ஆற்றில் விடாதீர்கள் என்று சொல்ல அவற்றால் முடியும். அள்ளும் செலவில் பங்கு தர முடியும். இதை எந்தப் பசுமை விருது கேட்கிறது?

விடுதிகளின் மலக்குழி இன்னும் கொடியது. 2013ஆம் ஆண்டுக் கையால் மலமள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் மனிதரை ஆபத்தான முறையில் இறக்குவதைத் தடை செய்கிறது. ஆனாலும் மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. கூரையில் சூரியத் தகடு, குளியலறையில் மூங்கில் பல்துலக்கி, பின்புறம் மலக்குழி திறந்து ஓர் அருந்ததியர் இளைஞரை இறக்கும் ஒப்பந்ததாரர். மூன்றும் ஒரே விடுதியில் இருக்க முடியும். முதல் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்காத விருது, பச்சை வண்ணம் பூசிய பார்ப்பனியம் அன்றி வேறென்ன?

நமக்கு முன்னுதாரணம் உண்டு

பயணத் தொழிலைச் சமத்துவத்தின் தராசில் நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலத்தில் ஆதிதிராவிடர்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்த முதலாளிகள் இருந்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். முதலாளிகளின் மனமாற்றத்துக்காக அவர் காத்திருக்கவில்லை, உரிமத்தில் கை வைத்தார். பேருந்துக் கதவு திறந்தது.

இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப் பின் 1941இல் அது ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்ற உணவகப் பலகைக்கு எதிராகப் பெரியார் தொடர் மறியல் நடத்தினார். 2012இல் அதே சொல் திருவரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் திரும்பி வந்தபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. வைக்கம் போராட்டமே கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்கானதுதான். நடப்பது, ஏறுவது, உண்பது, தங்குவது எல்லாமே இந்த நாட்டில் போராடிப் பெற்ற உரிமைகள்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கடை, உணவகம், விடுதி, குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் பொருளோ சேவையோ தர மறுத்துத் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சௌந்தரபாண்டியனாரின் வழி சட்டத்திலேயே இருக்கிறது. உரிமத்தையே பறிக்கலாம் என்னும்போது விருதுக்கு நிபந்தனை போடுவதில் என்ன தயக்கம்?

கேரளமும் தென்னாப்பிரிக்காவும்

பக்கத்திலுள்ள கேரளம் 2008 வாக்கில் குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கியது. குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல செயல். சொல்லோடு நிற்காமல் பணம் எங்கே போகிறது என்று பார்த்தது அதன் சிறப்பு. ஆனாலும் எந்தச் சாதிப் பெண்ணிடம் காய்கறி பயிரிட நிலம் இருக்கிறது என்ற கேள்வி அதற்கு அடுத்த படி.

அந்தப் படியை ஏறியது தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு, 2003இல் கறுப்பின மக்களின் பொருளாதார வலுவாக்கச் சட்டம் அங்கே வந்தது. சுற்றுலாத் துறைக்கென்று தனி மதிப்பெண் விதி உண்டு. உரிமையில் கறுப்பினத்தவர் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தில் எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு செலவு, யாரிடம் கொள்முதல், சமூக மேம்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துகிறார்கள். பெயருக்கு ஒரு கறுப்பரை உரிமையாளராகக் காட்டும் மோசடிகள் நடந்தன. அதற்காக அளவுகோலைத் தூக்கி எறியவில்லை, மோசடியைக் குற்றமாக்கினார்கள். ‘உள்ளூர்ச் சமூகம்’ என்ற போர்வைக்குள் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றாகப் போட்டு மூட அவர்கள் சம்மதிக்கவில்லை.

என்ன கேட்க வேண்டும்?

பயண நிறுவனங்களுக்கும் விடுதிகளுக்கும் பசுமை, சமூகப் பயன் என்ற பெயரில் அரசு தரும் எந்த விருதும் பின்வரும் கேள்விகளை முன்வைக்க வேண்டும்.

ஒன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ இருக்கிறார்களா? எந்தப் பணியில் எந்தப் பிரிவினர் என்ற மொத்தக் கணக்கை வெளியிடத் தயாரா?

இரண்டு, தூய்மைப் பணியாளர்கள் ஒப்பந்தத்திலா, நேரடிப் பணியிலா? குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. உண்டா? மலக்குழியை இயந்திரம் மட்டுமே தொடுகிறது என்பதற்கு ஆவணம் உண்டா?

மூன்று, பூ, வாழையிலை, காய்கறி, வாடகை வண்டி ஆகியவற்றில் தலித் உற்பத்தியாளரிடமும் ஓட்டுநரிடமும் வாங்குவது எவ்வளவு?

நான்கு, உணவிலும் அறை தருவதிலும் சாதி, மதம் கேட்கும் வழக்கம் உண்டா? அசைவம் உண்பவருக்கு அறை இல்லை என்று எழுதாமல் சொல்லும் வழக்கமும் இதில் சேரும்.

ஐந்து, வழிகாட்டி எந்த வரலாற்றைச் சொல்கிறார்?

ஐந்தாவது கேள்வி சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திருப்பாணாழ்வார் கதையைத் திருவரங்கத்தில் பக்தி அற்புதமாகச் சொல்வார்கள். உறையூரைச் சேர்ந்த பாணர் குலத்தவர். கோயிலுக்கு வரமுடியாமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார். வழிவிடவில்லை என்று லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார். பிறகு இறைவன் கட்டளைப்படி அவரைத் தோளில் சுமந்து வந்தார். வைணவ மரபே சொல்லும் கதை இது. தோளில் சுமந்ததைச் சொல்கிறவர்கள், அவர் ஏன் தென்கரையில் நிற்க வேண்டியிருந்தது என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இராஜகோபுரத்தைப் படம் பிடிக்கும் பயணிக்கு அதற்கு எதிரே நிற்கும் பெரியார் சிலையைப் பற்றியும், 2006 டிசம்பரில் அது உடைக்கப்பட்டு மீண்டும் எழுந்ததைப் பற்றியும் சொல்லும் வழிகாட்டி எத்தனை பேர்? புத்தூர் பெரியார் மாளிகை எந்த ஒருநாள் சுற்றுலாப் பட்டியலில் இருக்கிறது? இவையும் இந்த ஊரின் வரலாறுதான்.

நிறுவனங்களிடம் சாதிக் கணக்கைக் கேட்டால் சாதி வளராதா என்று ஒரு கேள்வி வரும். இட ஒதுக்கீடு வந்த நாள் முதல் கேட்கப்படும் கேள்வி இது. நோயைக் கணக்கெடுப்பதால் நோய் வருவதில்லை. தனிநபரின் பெயர் வேண்டாம், மொத்த எண்ணிக்கை போதும். சிறிய விடுதிகளுக்குச் சுமையாகுமே என்பது இன்னொரு கேள்வி. விருதுக்கு விண்ணப்பிப்பது யாருக்கும் கட்டாயமல்ல. பொதுப் பணத்தில் பாராட்டும் விளம்பரமும் பெற விரும்புகிறவர் பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். சூரியத் தகட்டுக்கு ரசீது காட்டத் தெரிந்தவருக்கு வருங்கால வைப்பு நிதி ரசீது காட்டுவது கடினமல்ல.

நம்மால் செய்ய முடியாதது இது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2000களின் தொடக்கத்திலேயே இந்தத் திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்ந்து சமுதாயக் கழிப்பறைகளைத் தாங்களே நடத்திக் காட்டினார்கள். கட்டணம் வசூலித்து, கணக்கு எழுதி, சுத்தமாக வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட குழுக்களிடம் படித்துறைப் பராமரிப்பை, பயணிகள் உணவகத்தை, தங்கும் விடுதியை உரிமையாளர்களாக ஒப்படைக்க எது தடை? தொழிலாளியாக மட்டுமே அவர்களைப் பார்க்கப் பழகிய கண்தான் தடை.

அடுத்த செப்டம்பர் 27க்கான விண்ணப்பப் படிவத்தை அச்சிடும் முன் சுற்றுலாத் துறை மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் அதில் சேர்க்கட்டும். தூய்மைப் பணியாளர் சங்கங்களின் பிரதிநிதி ஒருவரைத் தேர்வுக் குழுவில் உட்கார வைக்கட்டும். அதன் பிறகு எந்த நிறுவனம் மேடை ஏறினாலும் முதல் வரிசையில் நின்று நானும் கைதட்டுகிறேன்.