பழைய காரில் உதறல், எரியும் ‘செக் இன்ஜின்’ லைட்... இ20 பெட்ரோல்தான் காரணமா?

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது உடனே சொல்வது: “எல்லாம் இந்த எத்தனாலால வந்த வினை!” உண்மையில் அப்படித்தானா?

என்ன மாறியது?

பெட்ரோலில் 20% எத்தனால் கலக்க முதலில் வைத்த இலக்கு 2030. அதை 2025-லேயே எட்டிவிட்டோம். இன்று பங்க்கில் போடும் சாதாரண பெட்ரோல் பெரும்பாலும் இ20தான். ஆனால், பொதுவாக 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள்தான் இதற்கேற்ற பாகங்களுடன் வருகின்றன. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் எனத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, பழைய கார்க்காரர்களுக்கு பெரிதாக சாய்ஸ் இல்லை.

இன்ஜினுக்குள் நடப்பது என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே அளவு காற்றுக்கு இ20 கொஞ்சம் கூடுதலாகப் பாய வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கவனித்துச் சொல்ல, இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் ‘ஃபியூயல் ட்ரிம்’. இதற்கு ஓர் எல்லை உண்டு. தாண்டினால் லைட் எரியும்.

விஷயமே இங்கேதான் இருக்கு. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் இ20-ஐ சத்தமில்லாமல் சமாளித்துவிடும். ஏற்கெனவே ஹோஸில் காற்றுக் கசிவோ, அடைத்த இன்ஜெக்டரோ இருந்தால் திருத்தத்தின் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். மிச்சத்தை இ20 எடுத்துக்கொள்ள, நேற்றுவரை மறைந்திருந்த கோளாறு இன்று லைட்டாக வெளியே வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* லைட் விட்டுவிட்டு மின்னுகிறதா? ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு பெரியது. நிலையாக எரிந்தால், மெதுவாக ஒர்க்‌ஷாப்வரை போகலாம்.

* ஸ்கேனர் போடாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். பி0171 என்றால் கலவையில் எரிபொருள் குறைவு. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில். கோட் சொல்வது அறிகுறியைத்தான், கெட்டுப்போன பாகத்தை அல்ல.

* பி0302 வந்தால், அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோட் பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என அடுத்தடுத்துப் பாருங்கள்.

* பி0171 வந்தால், ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் ஃபியூயல் ட்ரிம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் மட்டும் அதிகமாக இருந்து, வேகம் கூடியதும் குறைந்தால் காற்றுக் கசிவு. வேகம் கூடக்கூட ஏறினால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர். எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி, கொஞ்சமாக மட்டும் ஏறியிருந்தால் இ20-ன் பங்கு என்று சந்தேகிக்கலாம்.

* பேட்டரியைக் கழற்றி லைட்டை அணைப்பது தீர்வல்ல. பதிவான விவரமும் சேர்ந்து அழிந்துபோகும்.

அப்போ எத்தனால் நிரபராதியா?

அப்படியும் சொல்ல முடியாது. இ10-க்கு ஏற்ப டியூன் செய்யப்பட்ட பழைய கார்களில் எரிபொருள் திறன் 6-7% குறையலாம் என 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. நாளடைவில் பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்களும் பாதிக்கப்படலாம். டேங்கில் படிந்த கசடை எத்தனால் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பவும் செய்யும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் கார் என்றால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சிக்கலும் உண்டு.

ஆனால், “எல்லாம் பெட்ரோல்தான் சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் கைவிரித்தாலும் சரி, “பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று சாதித்தாலும் சரி, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி போனில் சேமித்து வையுங்கள். நாளை பில்லையோ வாரன்டியையோ பற்றி வாதாட வேண்டி வந்தால், கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.