ஊர் நம்பினால் உண்மையாகிவிடுமா?



ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் "மணமகன் தேவை" பகுதியை நம்மில் பலர் வாசித்திருப்போம். பெண்ணின் வயது, படிப்பு, தொழில் என்று வரிசையாகச் சொல்லிவந்து, "7இல் செவ்வாய்" அல்லது "8இல் செவ்வாய்" என்று முடித்திருப்பார்கள். அந்த இரண்டு சொற்களுக்காக எத்தனையோ பேச்சுக்கால்கள் தொடங்குமுன்பே நின்றுபோகின்றன. பெண்ணைப் பார்க்காமலே, அவளோடு ஒரு வார்த்தை பேசாமலே, சாதகக் குறிப்பைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். ஆனால் அப்படித் தள்ளிவிட்டதால் எந்தப் பெண்ணின் கலியாணமும் நடந்துவிடவில்லை. எனவே இந்த மாதம் இதைக் கொஞ்சம் ஆறுதலாக யோசித்துப் பார்ப்போம். பலர் சேர்ந்து ஒன்றை நம்பினால் அது உண்மையாகிவிடுமா?

செவ்வாய் செய்வதும் நாம் செய்வதும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாதகத்தில் 12 வீடுகள் உள்ளன. இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் ஒன்றில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம்மவர் வழக்கம். 12இல் 5 என்றால் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்ப்பவர்களின் கணக்கில் இந்தத் தொகை இன்னும் கூடும். ஆணுக்கும் இதே கணக்குத்தான். உண்மையிலேயே செவ்வாய் துணையைப் பறிப்பதாக இருந்தால் நமது ஊர்களில் பாதி வீடுகள் என்றோ வெறிச்சோடியிருக்கும். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை யாருடைய சாதகத்தையும் பார்த்துக்கொண்டு வரவில்லை. 2009 வரை நீடித்த யுத்தமும் அப்படித்தான். பொருத்தம் பார்த்துக் கட்டியவர்களும் துணையை இழந்தார்கள், பாராமல் கட்டியவர்களும் இழந்தார்கள்.

ஆக, வானத்திலிருக்கும் செவ்வாய் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சாதகத்தில் எழுதப்பட்ட செவ்வாய் நிறையவே செய்கிறது. இருபத்தைந்தில் வந்த வரன் தவறிப்போகிறது. முப்பதில் வருபவர்கள் குற்றத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு விலையாகச் சீதனத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள். முப்பத்தைந்தில் வருபவர் பொருந்தாதவராக இருந்தாலும் "இனி இதையும் விட்டால்" என்று வீட்டார் தலையாட்டச் சொல்கிறார்கள். மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி என்று தங்கையும் காத்திருக்கிறாள். கடைசியில் ஊர், "பார்த்தீர்களா, செவ்வாய் குற்றம் எப்படிப் பாதித்திருக்கிறது" என்கிறது. கலியாணம் செய்யாமல் வாழ்வது ஒரு குறை அல்ல. அதை அவளே தெரிவுசெய்யாமல், பிறர் அவள்மீது சுமத்துவதுதான் அநீதி.

சமூகவியல் இதற்கு என்ன சொல்கிறது?

1928இல் வில்லியம் தொமஸ், டொரதி தொமஸ் என்னும் இரு அமெரிக்க சமூகவியலாளர்கள் ஒரு நூலில் இதைச் சுருக்கமாகச் சொன்னார்கள். மனிதர் ஒரு நிலைமையை உண்மை என்று எடுத்துக்கொண்டால், அந்த நிலைமை உண்மையோ பொய்யோ, அதன் விளைவுகள் உண்மையாகிவிடும் என்பது அதன் சாரம். இருபது ஆண்டுகளின் பின், 1948இல், றொபேட் மேர்டன் என்பவர் இதை ஒரு வங்கியின் கதையால் விளக்கினார். நல்ல நிலையில் இருக்கும் வங்கி முறியப்போகிறது என்று ஒரு வதந்தி பரவுகிறது. எல்லோரும் ஒரே நாளில் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். எந்த வங்கியும் வைப்புப் பணம் முழுவதையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. எனவே வங்கி உண்மையாகவே முறிந்துவிடுகிறது. தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் எதிர்வுகூறல் என்று இதற்கு அவர் பெயரிட்டார்.

நமக்கு வங்கி வரை போகத் தேவையில்லை, சீட்டு போதும். இருபது பெண்கள் மாதம் 5,000 ரூபா வீதம் கட்டினால் ஒவ்வொரு மாதமும் ஒருத்தியின் கையில் ஒரு இலட்சம் ரூபா சேர்கிறது. எழுத்தில் உறுதியில்லை, பிணையும் இல்லை. மற்றவர்களும் கட்டுவார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அந்த ஒரு இலட்சத்தைத் தாங்கி நிற்கிறது. "இந்தச் சீட்டு உடையப்போகுதாம்" என்று யாரோ சொல்லி, நான்கு பேர் காசை நிறுத்திவைத்தால் அந்தச் சீட்டு உடைந்தேவிடும். கூட்டு நம்பிக்கை கட்டவும் செய்யும், உடைக்கவும் செய்யும்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் கண்டு, அது கருத்தடை மாத்திரை என்று கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தபோது அது வெறும் மாப்பொருள் என்று தெரியவந்தது. எத்தனை ஆயிரம் பேர் நம்பியும் மாக்கட்டி மருந்தாகவில்லை. ஆனால் உடைந்த கடை உடைந்ததுதான். நம்பிக்கையால் இயற்கையை மாற்ற முடியாது. ஆனால் அது மனிதரின் கைகளை இயக்கும், அந்தக் கைகள் செய்வது உண்மையாகிவிடும்.

உண்மையில் யார் நம்புகிறார்கள்?

செவ்வாய் விடயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்ணின் தாயிடம் கேட்டால், "எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கையில்லைப் பிள்ளை, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்களே" என்பார். மாப்பிள்ளையின் தாயிடம் கேட்டால், "நான் பாராட்டிலும் நாளைக்கு ஏதும் நடந்தால் சனம் என்னைத்தானே சொல்லும்" என்பார். களப்பணியில் வீடு வீடாகப் போகும் எவருக்கும் இந்த இரண்டு பதில்களும் பழக்கமானவை.

அதாவது, பலர் செவ்வாயை நம்புவதில்லை. மற்றவர்கள் நம்புகிறார்கள் என்பதைத்தான் நம்புகிறார்கள். இதனால்தான் தனியொரு தாய் துணிந்து "நான் சாதகம் பார்க்கமாட்டேன்" என்று சொன்னாலும் பலன் கிடைப்பதில்லை. கேட்டு வருபவர்கள் பார்ப்பார்கள். நட்டம் அவளுடைய மகளுக்குத்தான். எல்லோரும் சேர்ந்து கட்டியதை ஒருத்தி தனியே அவிழ்க்க முடியாது.

சேர்ந்து அவிழ்த்தவர்கள்

சீனாவில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் இருந்தது. ஐந்து, ஆறு வயதில் கால்விரல்களை உள்ளே மடித்து, எலும்பு முறியும்படி துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பெரும்பாலும் அதைச் செய்தவள் பெற்ற தாய். அவள் கொடியவள் அல்ல. கட்டாத காலுள்ள மகளை யாரும் கலியாணம் செய்யமாட்டார்கள் என்று அஞ்சியவள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இதற்கு எதிராகச் சங்கங்கள் தோன்றின. அவற்றில் சேர்ந்த குடும்பங்கள் இரண்டு உறுதிமொழிகள் எடுத்தன. எங்கள் மகளின் காலைக் கட்டமாட்டோம் என்பது ஒன்று. கால் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கமாட்டோம் என்பது மற்றது. இந்த இரண்டாவது உறுதிமொழிதான் முக்கியமானது. காலைக் கட்டாத பெண்ணுக்கும் மாப்பிள்ளை உண்டு என்ற நிலையை அது உருவாக்கியது. அரச ஆணைகளும் பெண் கல்வியும் தொழில் மாற்றங்களும் துணைநின்றன. வட சீனாவின் டிங்சியன் என்ற இடத்தில் 1890க்கு முன் பிறந்த பெண்களில் ஏறத்தாழ 99 வீதமானோர் கால் கட்டப்பட்டவர்கள். 1919க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆயிரம் ஆண்டு வழக்கம் அங்கே ஒரு தலைமுறையில் முடிந்துபோனது.

மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. சிறுமியரின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள் 1997 ஜூலை 31இல் பகிரங்கமாக அறிவித்தார்கள். தாய்மொழியில் நடந்த வகுப்புகளில் உடல்நலமும் உரிமையும் கற்று, தாங்களே கூடிப் பேசி எடுத்த முடிவு அது. அயற்கிராமங்கள் ஏசின. ஆனால் டெம்பா டியாவாரா என்ற இமாம் ஒருவர் சிக்கலைச் சரியாக விளங்கிக்கொண்டார். பெண் கொடுத்து எடுக்கும் உறவுக் கிராமங்கள் அனைத்தும் சேராவிட்டால் இது நிலைக்காது என்று கண்டு, ஊர் ஊராக நடந்துபோய் உறவினரோடு பேசினார். 1998 பெப்ரவரியில் 13 கிராமங்கள் ஒன்றுகூடி அதே அறிவிப்பைச் செய்தன. செனகலில் அந்த வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆனாலும் கூடி அறிவிக்கும் முறை நூற்றுக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது.

நாம் என்ன செய்யலாம்?

கால் கட்டுவதும் சிறுமியரைச் சிதைப்பதும் உடலில் செய்யும் கொடுமைகள். அவற்றோடு சாதகம் பார்ப்பதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் முடிச்சு ஒரே வகையானது. மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம்தான் அது. அதை அவிழ்க்கும் வழியும் ஒன்றுதான்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். செவ்வாய் தோஷத்தை நீங்கள் நம்புகிறீர்களா, இங்குள்ள மற்றவர்கள் நம்புகிறார்கள் என்று நினைக்கிறீர்களா என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். பதில்களை எண்ணி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு தொகைகளுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அதைப் பற்றியே அன்றைக்குப் பேசுங்கள். வித்தியாசம் இல்லாவிட்டாலும் நட்டமில்லை, ஊரின் மனம் என்னவென்று தெரிந்துகொண்டீர்கள்.

அடுத்து, ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதலில் வாய் திறக்கவேண்டும். "என் மகனுக்குப் பெண் பார்க்கும்போது செவ்வாய் கேட்கமாட்டேன்" என்று பத்துத் தாய்மார் ஒரே கூட்டத்தில் சொன்னால், அந்த ஊரில் பத்துக் கதவுகள் திறந்துவிட்டன என்று பொருள். பெண்ணைப் பெற்ற தாய்க்கு அறிவுரையைவிட அதுதான் தைரியம் தரும். பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பவர்கள் அந்த இரண்டு சொற்களை எழுதாமல் விடலாம். இதற்காக யாரும் கோயிலை விடவேண்டியதில்லை, கடவுளை மறுக்கவேண்டியதுமில்லை. நல்ல நாள் பார்த்து அடுப்பு மூட்டுவது யாருடைய வாழ்வையும் கெடுப்பதில்லை. ஒரு நம்பிக்கை என்னை என்ன செய்யத் தூண்டுகிறது, அதனால் யார் பாதிக்கப்படுகிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

செவ்வாய் தன் பாதையில் சுற்றிக்கொண்டேயிருக்கும். அதை நம்மால் நகர்த்த முடியாது. உங்கள் வீட்டுக்கு அடுத்த முறை ஒரு பெண்ணின் குறிப்பு வரும்போது, அதைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்தப் பிள்ளையை ஒருதரம் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.