பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்காதீர்கள்



போன வாரம் சின்னாளபட்டியிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், தங்கச்சிக்கு 2014-ல கவர்மெண்ட் கொடுத்த லேப்டாப் சும்மா கிடக்கு. மகளுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். விண்டோஸ் 11 கீ 900 ரூபாய்க்குத் தர்றாங்களாம், வாங்கிடவா?" என்றார். "பொறுப்பா, முதல்ல லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். எந்தப் பூட்டு என்று தெரியாமல் யாராவது சாவி வாங்குவோமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால்தான் இத்தனை அவசரம். ஆனால் விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். அது வந்ததே 2017-ல்தான். இவர் கொண்டுவந்த லேப்டாப்பில் ரேம் 2 ஜிபி. 900 ரூபாய் வீணாகியிருக்கும்.

உங்கள் கணினி தாங்குமா என்று மைக்ரோசாப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்' செயலியே சொல்லிவிடும். தாங்கும் என்றால், முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 11 இலவசம். அப்போதும் கீ வாங்கத் தேவையில்லை.

உரிமத்திலும் வகை உண்டு. கணினியோடு வருவது அந்தக் கணினியோடு சரி. தனியாக முழு விலைக்கு வாங்குவதை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பதைத் தனி ஆளுக்கு விற்கக் கூடாது. அடிமாட்டு விலைக்கு வரும் கீ பல நேரம் இந்த வகைதான். இன்று வேலை செய்கிறது என்பதால் அது முறையான உரிமம் ஆகிவிடாது.

என் கருத்து இதுதான்: பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போடுங்கள். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை நாம்தான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கற்பிக்கின்றன. அதை நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கவும் உரிமம் அனுமதிக்கிறது.

அதையும் பார்க்காமல் போடாதீர்கள். பென் டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். இவருக்கு வைஃபை வந்தது, பழைய பிரிண்டர் வரவில்லை. டேலி படிக்கும் பிள்ளைகளுக்கு விண்டோஸ்தான் வசதி, அதையும் மறைக்கவில்லை.

இப்போது அந்த லேப்டாப் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்தப் பெண் தமிழில் டைப் செய்து பாடக் குறிப்பு எடுக்கிறாள். அந்த 900 ரூபாய் அவளுக்குப் புத்தகமாகட்டும்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு அரசு லேப்டாப் தூங்குகிறதா? பணம் கட்டும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். பென் டிரைவ் தயாராக இருக்கிறது.